உப்பு ஜாடியில் மட்டும் இல்லை

கோவிட்-19 பரவலைத் தடுக்க 2020 மார்ச் 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. குடும்பத்துக்கு ஒருவர், அதுவும் 10 கிலோமீட்டருக்குள் போய்ப் பொருள் வாங்கலாம் என்றானது. பேராக் மாநிலத்துப் பாகான் டத்தோவின் தென்னை, செம்பனைத் தோட்டப்புறங்களில், பசாருக்கு அடிக்கடி போக முடியாத வீடுகளுக்கு உடனடி மீ பாக்கெட்டும் சார்டின் டின்னும் கருவாடும்தான் கைகொடுத்தன. உலக உடனடி நூடுல்ஸ் சங்கத்தின் கணக்குப்படி, மலேசியாவில் 2019-இல் சுமார் 145 கோடி பாக்கெட்டாக இருந்த மீ நுகர்வு 2020-இல் 157 கோடியைத் தொட்டது.

ஏன் கவலை?

இவை எல்லாவற்றிலும் உப்பு அதிகம். உப்பிலுள்ள சோடியம் உடலில் நீரைத் தேக்குகிறது. ரத்தத்தின் அளவு கூடி, குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது; நாளடைவில் இதயமும் சிறுநீரகமும் பழுதாகின்றன. உப்பு கோவிட்டைக் கொண்டுவருவதில்லை. ஆனால் இதய நோய், சிறுநீரக நோய், நீரிழிவு உள்ளவர்களை அந்தத் தொற்று கூடுதல் கடுமையாகத் தாக்கியது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் பத்தில் மூவருக்கு ரத்தக் கொதிப்பு, இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் வீடுகளில் உப்பு இரட்டிப்புக் கேடு செய்வது இதனால்தான்.

எவ்வளவு போதும்?

ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மலேசியர்கள் சராசரியாக 7.9 கிராம் சாப்பிடுவது 2017-18 ஆய்வில் தெரியவந்தது. பாக்கெட்டின் பின்புறம் 'நாத்ரியம்' (சோடியம்) என்ற வரியைப் பாருங்கள்: 400 மில்லிகிராம் என்றால் ஏறத்தாழ 1 கிராம் உப்பு. ஒரே மீ பாக்கெட்டில் 1,000 மில்லிகிராமைத் தாண்டுவது சாதாரணம். அதில் பெரும்பங்கு மசாலாத் தூளில் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

மசாலாத் தூளில் பாதியைப் போடுங்கள்; மீயின் சூப்பைக் குடிக்காதீர்கள். கருவாட்டை ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக் கழுவுங்கள். கறியில் கிச்சாப்பும் (சோயா சாஸ்) உப்பும் சேர்ந்து விழ வேண்டாம். புளி, எலுமிச்சை, மிளகு, கறிவேப்பிலை ருசியைக் காக்கும். பாகான் டத்தோ கடலோர ஊர். பச்சை மீன் கிடைக்கும் நாளில் டின்னைத் திறக்க வேண்டியதில்லை. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைச் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலிக்காது. அதனால் நாற்பதைத் தாண்டியவர்கள் இந்த மாதமே அரசாங்கக் கிளினிக்கில் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களையும் கூட்டிப் போங்கள்.