வெள்ளைப் புடவையும் சாம்பல் நிறமும்

சுண்ணாம்புச் சுவரின் முன்னே பாட்டியை வெள்ளைப் புடவையோடு உட்காரவைத்துக் கறுப்பு வெள்ளையில் எடுத்த படத்தில், சுவரும் புடவையும் நரைத்த தலையும் சாம்பல் பூசியதுபோல் வந்திருப்பதேன் என்று வாசகர் ஒருவர் மிகுந்த வருத்தத்தோடு கேட்டிருக்கிறார்.

இது ஒளியை அளக்கும் மீட்டரின் சுபாவத்தால் வந்த வினை. எந்தப் பொருளை நோக்கினாலும், அது தன்மேல் விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறத்தது என்று பாவித்தே மீட்டர் கணக்குச் சொல்கிறது. என் பால்யத்தில் எங்கள் களத்தில் நெல் அளந்தவர், மரக்கால் எவ்வளவு குவிந்திருந்தாலும் உள்ளங்கையால் தலைதட்டி ஒரே மட்டமாக்கிவிடுவார். மீட்டரும் வெண்மையின் குவியலை அவ்விதமே வழித்துத் தள்ளிவிடுகிறது. கருங்கல் நந்தியைக் காட்டினாலோ, பள்ளத்தை நிரப்பி அதையும் சாம்பலாக வெளிறவைக்கிறது. ஆகையால் வெண்மைக்கு மீட்டர் சொன்னதைவிட ஒன்றரை அல்லது இரண்டு ஸ்டாப் கூட்டியும், கருமைக்கு ஏறக்குறைய அவ்வளவு குறைத்தும் ஒளி கொடுக்கவேண்டும். ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிக்கும்.

1941இல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில், நிலவு எழுந்து, கல்லறைச் சிலுவைகளில் அந்தி வெயில் மறையவிருந்த தருணத்தில், புகைப்படக் கலைஞர் ஆன்ஸல் ஆடம்ஸுக்கு மீட்டர் அகப்படவில்லை. நிலவின் பிரகாசம் இவ்வளவு என்று மனத்தில் பதிந்திருந்த எண்ணைக்கொண்டே எக்ஸ்போஷரைக் கணித்துப் படமெடுத்தார். கருவிக்கு அப்பாலும் ஒரு ஞானம் வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் தெரியாது.

இன்றோ, படம் மங்கலென்று தோன்றியவுடன் கைப்பேசியில் கான்ட்ராஸ்டைத் தள்ளிவிடுகிறார்கள். கறுப்பு மையாகிறது, வெண்மை வெறுங்காகிதமாகிறது, இரண்டுக்கும் நடுவே இருந்த நூறு சாயைகளும், அவற்றோடு புடவையின் மடிப்புகளும் கன்னத்துச் சுருக்கங்களும் அழிந்துபோகின்றன. வயோதிகர் ஒருவரின் முகத்தை இப்படிச் சிதைப்பதை என் மனம் ஒப்பவில்லை.

வாசகர் பாட்டியைச் சுவரைவிட்டு நகர்த்தி, காலை வெயில் நேரே படாமல் வெளிச்சம் மட்டும் பக்கவாட்டில் வரும் திண்ணையில் உட்காரவைக்கட்டும். நிழல் விழும் பக்கத்தில், சட்டத்துக்கு வெளியே, ஒருவர் வெளுத்த வேட்டியொன்றை விரித்துப் பிடிக்கட்டும். பழைய ஸ்டூடியோக்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்படிச் செய்தபோது, அதுவரை இருளில் அமிழ்ந்திருந்த என் தாயாரின் இடக் காதுத் தோடு, கல் கல்லாகத் தெரியலாயிற்று.