சுற்றச் சுற்ற இறுகும் வைக்கோல்

தை மாதத்தில் காவிரிப் படுகைக்குப் போனால், சம்பா அறுத்த வயல்களில் வைக்கோல் வரிவரியாகக் கிடக்கும். கையால் அறுத்த காலத்தில் கதிரும் தாளும் ஒன்றாகக் களத்துக்கு வந்தன. அடித்து முடித்ததும் வைக்கோல் அங்கேயே போராக எழுந்தது. இன்று அறுவடை வண்டி நெல்லை மட்டும் கொடுத்துவிட்டு, வைக்கோலை வயலிலேயே விட்டுவிடுகிறது. வாரிக் கட்ட ஆள் கிடைக்காத இடத்தில் தீ வைத்துவிடுகிறார்கள். நெல்லின் எடைக்கு ஏறத்தாழச் சமமான தீவனம் அப்படியே சாம்பலாகிறது.

இதைக் காப்பாற்றத்தான் வைக்கோல் கட்டும் இயந்திரம். இதில் சிறிய உருளைக்கட்டு வகையை 35 குதிரைத்திறன் டிராக்டரே இழுத்துவிடும். டிராக்டரின் பின்தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழன்று விசை தருகிறது. முன்னால் உள்ள கம்பிப் பற்கள் வைக்கோலை வாரி, சுற்றிலும் இரும்பு உருளைகள் பதித்த அறைக்குள் தள்ளுகின்றன. உருளைகள் சுழல, வைக்கோலும் உள்ளே புரண்டு சுருள்கிறது. அறை நிறைந்த பிறகும் வைக்கோல் வந்துகொண்டே இருப்பதால் வெளிச்சுற்று நெருங்கி இறுகுகிறது. நடுப்பகுதி தளர்வாகவே இருக்கும். பிறகு சணல் கயிறு கட்டின் மேல் பல சுற்று ஓடி அறுபடுகிறது. முடிச்சே கிடையாது. கயிறு வைக்கோலில் அழுந்திப் பற்றிக்கொள்வதே போதும். பின்கதவு திறக்க, ஓர் ஆள் தூக்கக்கூடிய கட்டு வயலில் உருண்டு விழுகிறது.

இயந்திரம் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் ஈரம் இருந்தால் அத்தனையும் வீண். ஈர வைக்கோலை இறுக்கினால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். மாடு முகர்ந்துவிட்டு ஒதுக்கும். ஆகவே பனி காய்ந்து, கையில் முறுக்கினால் வைக்கோல் சலசலக்கும் வரை பொறுக்க வேண்டும். கட்டியதை அன்றே மேட்டுக்கோ கூரையடிக்கோ ஏற்றிவிடுவது நல்லது.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். ஒரு டன் வைக்கோலில் ஏறத்தாழ 15 கிலோ பொட்டாசியம் இருக்கிறது. கட்டுகள் எல்லாம் லாரியேறி வெளியூர் போனால், மண்ணின் சத்தும் கூடவே போகிறது. அடித்தாளை வயலிலேயே மடக்கி உழுங்கள். கட்டுகளில் ஒரு பங்காவது உங்கள் தொழுவத்துக்கு வரட்டும். மாடு தின்ற வைக்கோல் சாணமாகவும் கோமியமாகவும் குப்பைக்குழி வழியே வயலுக்குத் திரும்பும். அந்தச் சுற்று அறுபடாதவரைதான் இந்த இயந்திரத்தால் உங்கள் மண்ணுக்கும் நன்மை.