செல் கரைசலிலிருந்து வைரஸைப் பிரிப்பது எப்படி?

வைரஸ் தானாக வளராது. அதற்கு உயிருள்ள செல் வேண்டும். ரேபிஸ் தடுப்பூசிக்கான வைரஸை வீரோ செல்களில் வளர்க்கிறார்கள். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய செல்வகை இது. தொற்றிய செல்கள் சில நாட்களில் புது வைரஸ்களை ஊட்டக் கரைசலில் விட்டுவிடும். ஆனால் அந்தக் கரைசலில் செல் துணுக்கும் புரதமும் டிஎன்ஏவும்தான் மிகுதி; வைரஸ் சொற்பம்.

முதல் வேலை, கரைசலைத் தெளிய வைப்பது. மையவிலக்கு எந்திரத்தில் மிதமான வேகத்தில் சுழற்றினால் செல் துணுக்குகள் அடியில் படியும். மேலே நிற்பதை 0.45 மைக்ரான் துளையுள்ள வடிகட்டியில் செலுத்துவார்கள். ரேபிஸ் வைரஸின் நீளம் சுமார் 0.18 மைக்ரான்தான் என்பதால் அது துளையைத் தாண்டிப் போய்விடும்.

அடுத்து, செறிவாக்கல். பாலிஎத்திலீன் கிளைக்காலும் உப்பும் சேர்த்து 4 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க வைத்தால் வைரஸ்கள் ஒன்றுதிரண்டு வீழ்படிவாகும். அதைச் சில மில்லிலிட்டரில் கரைத்துக்கொள்ளலாம். பேரளவு உற்பத்தியில் குறுக்கோட்ட வடிகட்டலே வசதி. கரைசல் சவ்வின் மீது பக்கவாட்டில் ஓடும். நீரும் சிறு புரதங்களும் சவ்வைக் கடந்து வெளியேறும், வைரஸ் உள்ளே தங்கும். ஓட்டம் அழுக்கை அடித்துச் செல்வதால் சவ்வு எளிதில் அடைபடாது.

எஞ்சும் கலப்படத்தை நீக்குவது அடர்த்திச் சரிவு முறை. மைரன் பிராக்கி 1951இல் இதை வெளியிட்டார். அவர் பிரித்தெடுத்த உருளைக்கிழங்கு வைரஸ், ரேபிஸ் வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்தது. குழாயின் அடியில் செறிந்த சர்க்கரைக் கரைசலும் மேலே போகப்போக நீர்த்த கரைசலும் இருக்கும். அதன் மேல் வைரஸை ஊற்றி, புவியீர்ப்பைப்போல் சுமார் ஒரு லட்சம் மடங்கு விசையில் மணிக்கணக்கில் சுழற்றுவார்கள். உப்பு நீரில் முட்டை நடுவில் நிற்பதைப்போல, ஒவ்வொரு துகளும் தன் அடர்த்திக்கு ஈடான மட்டத்தில் நின்றுவிடும். கொழுப்பு உறையுள்ள வைரஸ்கள் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 1.15 முதல் 1.20 கிராம் வரையான மட்டத்தில் வெண்பட்டையாகத் திரளும். அதை ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் நார்மன் ஆண்டர்சன் குழு 1960களில் இதே முறைக்குப் பெரிய எந்திரம் உருவாக்கியது. கரைசலைத் தொடர்ந்து செலுத்தியபடியே சுழலக்கூடிய அந்த எந்திரத்தால் தடுப்பூசித் தொழில் மாறியது. அழுக்குப் புரதம் குறைந்ததால் தடுப்பூசி போட்டபின் வரும் காய்ச்சலும் வலியும் குறைந்தன.

ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வைரஸ் வீணாகும், கொஞ்சம் சிதையும். ஆகவே ஆய்வில் பயன்படுத்தும் உயிர்ப்புள்ள வைரஸாக இருந்தால், எவ்வளவு சுத்தம் என்பதோடு எத்தனை வைரஸ் இன்னும் செல்லைத் தொற்றுகிறது என்றும் எண்ணிப் பார்த்த பிறகே அதை ஏற்பார்கள்.