கடைசியில் வருபவருக்கும் கரவொலி

வீராம்பட்டினத்தாருக்குக் கடலைப் பற்றி எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒருபுறம் வங்கக் கடல்; மறுபுறம் அரியாங்குப்பத்து ஆறு; அதன் கரையிலே, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரியோடு வாணிபம் நடத்திய அரிக்கமேடு. கப்பல் கரையணைய வசதியில்லாத பிரெஞ்சுக்காரர் காலத்தில், தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் புதுவைக் கரையின் படகோட்டிகளே. இங்கே நீச்சல் பொழுதுபோக்கு அன்று, பிழைப்போடு கலந்தது. மிதிவண்டியும் ஓட்டமும் இளைஞர்க்குப் புதியவை அல்ல. ஆயினும் இம்மூன்றையும் ஒரே காலையில், இடையில் ஓய்வின்றி, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிப்பது வேறு கலை. அதற்கு டிரையத்லான் என்று பெயர். முப்போட்டி என்று நாம் சொல்லலாம்.

"எதற்கு இந்த விஷப் பரீட்சை?" என்று வீட்டுப் பெரியோர் கேட்பது நியாயமே. அக்கேள்விக்கு விடை காண, இப்போட்டி பிறந்த கதையை முதலில் அறிவோம்.

பிறந்த கதை

1920-களிலேயே பிரான்சு நாட்டில் 'மூன்று விளையாட்டுகள்' என்ற பெயரில் இதையொத்த பந்தயங்கள் நடந்தன. இன்றைய பெயரோடு அது தோன்றியது அமெரிக்காவில். 1974 செப்டம்பர் 25 அன்று மாலை, சான் தியேகோ நகரின் மிஷன் விரிகுடாவில் ஓட்டக் கழகம் ஒன்று நடத்திய பந்தயத்தில் 46 பேர் கலந்துகொண்டனர். பெரும்பாலோர் ஓட்டக்காரர்கள், நீச்சலில் தேர்ந்தவர் சிலரே. கடைசியாக வந்தவர்கள் நீந்தி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. கரையில் நின்ற கார்களின் விளக்கொளியே அவர்களுக்கு வழிகாட்டியது.

அன்று பங்குகொண்டவர்களுள் ஒருவர் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ். அவரும் அவர் துணைவியார் ஜூடியும் 1978 பிப்ரவரி 18 அன்று அவாய்த் தீவுகளில் 'அயர்ன்மேன்' எனும் நெடும்பந்தயத்தைத் தொடங்கி வைத்தனர். ஏறத்தாழ 3.9 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, இறுதியில் முழு மாரத்தான். புறப்பட்டவர் 15 பேர். முடித்தவர் 12 பேர். முன்னணியில் ஓடிய ஜான் டன்பார் என்பவருக்குத் துணை வந்தோர் கையில் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. பீர் குடித்துத் தள்ளாடியவர் இரண்டாம் இடத்துக்கு இறங்கினார். உடற்பலம் மட்டும் போதாது, முன்னேற்பாடும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இப்போட்டி முதன்முறையாக இடம்பெற்றது. நம் நாட்டிலும் 2019 அக்டோபரில் கோவாவின் மிராமார் கடற்கரையில் அயர்ன்மேனின் பாதித் தூரப் பந்தயம் நடைபெற்றது.

முதல் அடி

தொடக்கக்காரர் இத்தகைய தூரங்களைக் கேட்டு மலைக்க வேண்டா. ஒலிம்பிக் அளவு 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் மிதிவண்டி, 10 கிலோமீட்டர் ஓட்டம். குறும்பந்தயம் அதில் சரிபாதி: 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர். அலுவலகமும் குடும்பமும் உடையவர் முதல் முயற்சிக்குத் தேர்ந்துகொள்ளத் தக்கது இதுவே. நீந்தத் தெரிந்தவர் மூன்று நான்கு மாதம் ஒழுங்காகப் பயின்றால் எட்டிவிடலாம். வாரத்தில் ஒவ்வொன்றுக்கும் இரு முறை. ஒரு நாள் முழு ஓய்வு. தூரத்தைச் சிறிது சிறிதாகவே கூட்டுதல். இது போதும்.

விலையுயர்ந்த வண்டி வேண்டுவதில்லை. தடை சரியாகப் பிடிக்கும் சாதாரண மிதிவண்டியே போதுமானது. தலைக்கவசம் மட்டும் கட்டாயம். அதை அணிந்து வாரைப் பூட்டிய பின்னரே வண்டியைத் தொடவேண்டும் என்பது பந்தய விதி. புதுவைச் சமவெளி மிதிவண்டிக்கு ஏற்றதே; ஆனால் கடலூர்ச் சாலையில் வாகன நெருக்கடி மிகுதி. விடியற்காலைப் பயிற்சியே பாதுகாப்பு.

வண்டியை விட்டிறங்கி ஓடத் தொடங்கும் முதல் சில நிமிடங்களில் கால்கள் கட்டையாகக் கனக்கும். முன்பே பழகாதவர் இதில் திகைத்துவிடுவர். ஆகவே வாரம் ஒருமுறையேனும் வண்டியோட்டியவுடன் சிறிது தூரம் ஓடிப் பழகவேண்டும். பந்தயத்தில் நடப்பது குற்றமன்று. விதி அதை அனுமதிக்கிறது.

கடலோடு விளையாடலாமா?

நீச்சலை முதலில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. களைத்த உடலோடு நீரில் இறங்குவது ஆபத்து. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை இப்பந்தயங்களில் நேர்ந்த இறப்புகளையும் இதய நிறுத்தங்களையும் மருத்துவ ஆய்வாளர் தொகுத்தபோது கண்டவை 135. அவற்றுள் 90 நீச்சலின்போது நிகழ்ந்தவை. பாதிக்கப்பட்டவரில் பெரும்பாலோர் ஆண்கள். சராசரி வயது ஏறத்தாழ 47. நாற்பதைத் தாண்டிய தந்தையர் இந்த எண்ணை மனத்திலிருத்தி, மருத்துவரிடம் இதயத்தைச் சோதித்துக்கொண்ட பின்னரே பயிற்சி தொடங்குவது குடும்பத்துக்குச் செய்யும் கடமையாகும்.

அலைக்குப் பழகிய கடற்கரைப் பிள்ளைகளும் இங்கே ஏமாறுவதுண்டு. படகுவரை நீந்துவது ஒன்று; இருபது முப்பது நிமிடம் மூச்சு முறை தவறாமல் நீந்துவது மற்றொன்று. நீருக்குள் மூச்சை விட்டு, தலையைப் பக்கவாட்டில் திருப்பி இழுக்கும் பழக்கம் முதலில் குளத்தில் கைவரவேண்டும். கடலில் கோடு இராது; ஆதலால் சில வீச்சுகளுக்கு ஒருமுறை தலை நிமிர்த்தி, கரையில் ஒரு கோபுரத்தையோ தென்னையையோ குறி பார்க்கவேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடலை விட்டுவிடுக. எக்காலத்திலும் தனியே இறங்கலாகாது. கடலறிந்தவர் ஒருவர் படகோடு அருகிருக்கட்டும். உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் எதிர்த்துப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி விலகிப் பின் கரை நோக்குக.

நம் வெயிலில் வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. வெறும் தண்ணீரை மட்டும் அளவின்றிப் பருகாமல், உப்பிட்ட மோரும் நீராகாரமும் பயிற்சி நாள்களில் சேர்த்துக்கொள்ளலாம். பந்தய நாளில் பழகாத உணவு எதையும் புதிதாக உண்ணலாகாது.

ஒரு கன்னியரின் ஓட்டம்

"எனக்கு வயதாகிவிட்டது" என்போர் சகோதரி மடோனா பியூடரின் வரலாற்றை அறியவேண்டும். 1930-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்து, துறவு வாழ்வை ஏற்ற இவர், ஓடத் தொடங்கியதே 48-ஆம் வயதில். அதுவும் குருவானவர் ஒருவர் தூண்டியதால். உடலும் மனமும் ஆன்மாவும் ஒன்றுபட ஓட்டம் உதவும் என்பது அக்குருவின் கருத்து. முதல் டிரையத்லானை முடித்தபோது அவருக்கு வயது 52. மூன்று ஆண்டுகளில் அயர்ன்மேன் தூரத்தையும் கடந்தார். எலும்பு முறிவுகள் உண்டு. கால வரம்பைத் தவறவிட்ட பந்தயங்களும் உண்டு. மீண்டும் மீண்டும் எழுந்தார். அவர் வயதில் எவரும் போட்டியிடாமையால் அமைப்பாளர்கள் புதிய வயதுப் பிரிவுகளை ஏற்படுத்த நேர்ந்தது. 2012-இல் கனடாவில், 82-ஆம் வயதில், 17 மணி நேர வரம்புக்குள் முழுத் தூரத்தையும் முடித்தார். அந்நாள்வரை அவ்வயதில் ஆணோ பெண்ணோ எவரும் அதைச் செய்ததில்லை.

பரிசு பெறுவோர் ஒவ்வொரு பந்தயத்திலும் சிலரே. மற்றோர் தம் பழைய அச்சத்தையும் சோம்பலையும் வெல்லவே வருகிறார்கள். ஆகையால்தான் இப்போட்டிகளில் முதல்வரை வாழ்த்திய கூட்டம் கலைந்துவிடாமல், கடைசியில் வருபவருக்காகவும் காத்திருந்து கைதட்டுகிறது. குடும்பத்தார் அக்கூட்டத்தில் நிற்கட்டும். வீட்டில் மகனோ மகளோ, தந்தையோ தாயோ இம்முயற்சியில் இறங்கினால், "எத்தனையாவதாக வந்தாய்?" என்று கேளாதிருப்போம். "முடித்தாயா? நலமாக வந்தாயா?" என்று கேட்போம். முதற்பந்தயத்துக்கு அவ்விரண்டுமே வெற்றி.