பிரம்மபாந்தவ உபாத்யாயர்: சிந்தனையும் வழிவந்தோரும்

பிரம்மபாந்தவ உபாத்யாயர் (பிப்ரவரி 11, 1861 – அக்டோபர் 27, 1907) வங்காளத்தைச் சேர்ந்த கத்தோலிக்கச் சிந்தனையாளர், துறவி, இதழாளர், விடுதலைப் போராளி. கிறிஸ்தவ இறையியலை வேதாந்தத்தின் மொழியில் விளக்க முடியும் என்று வாதிட்டவர். திருச்சபை அவரை ஐயத்துடன் பார்த்தது. தேசிய இயக்கம் அவரைப் போராளியாக மட்டுமே நினைவில் வைத்தது. இரு தரப்புக்கும் முழுமையாக உரியவராகாததால் அவருடைய தத்துவப் பங்களிப்பு நெடுங்காலம் பேசப்படாமல் இருந்தது.

வாழ்க்கை

உபாத்யாயரின் இயற்பெயர் பவானி சரண் பந்தோபாத்யாய். ஹூக்ளி மாவட்டம் கன்யான் கிராமத்தில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் நரேந்திரநாத் தத்தருடன் (பிற்கால விவேகானந்தர்) பழகினார். கேசவ சந்திர சென்னின் பிரம்ம சமாஜப் பிரிவில் இணைந்து, ஆசிரியப் பணிக்காகச் சிந்து மாகாணம் சென்றார். 1891-இல் முதலில் ஆங்கிலிக்கன் குருவிடம் ஞானஸ்நானம் பெற்றார்; அதே ஆண்டில் கத்தோலிக்கரானார். 1894-இல் காவி உடுத்து, துறவியாகத் தன்னை அறிவித்துக்கொண்டார். அவ்வாண்டு 'சோஃபியா' என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார்.

1901-இல் ரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியபோது உபாத்யாயரும் அவருடைய சீடர் அணிமானந்தரும் உடன் நின்றனர். பின்னர் இங்கிலாந்து சென்று ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இந்து தத்துவம் பற்றி உரையாற்றினார்.

தத்துவம்

ஐரோப்பாவில் தாமஸ் அக்குவினாஸ் அரிஸ்டாட்டிலின் தத்துவத்தைக் கொண்டு கிறிஸ்தவ இறையியலை விளக்கினார். இந்தியாவில் அதே பணியை வேதாந்தம் செய்ய முடியும் என்பது உபாத்யாயரின் அடிப்படை வாதம். தொடக்கத்தில் அத்வைதத்தை மறுத்து எழுதிய அவர், 1890-களின் இறுதியில் இந்நிலைக்கு வந்தார்.

கடவுளைச் சத்து, சித்து, ஆனந்தம் என்று வேதாந்தம் கூறுவதை மூவொரு கடவுள் கோட்பாட்டுடன் இணைத்தார். இருப்பாகிய சத்து பிதா. அந்த இருப்பு தன்னையே அறியும் அறிவாகிய சித்து மகன். அவ்வறிவில் விளையும் ஆனந்தம் தூய ஆவி. இக்கருத்தைக் கேசவ சந்திர சென் 1882-இல் உரையொன்றில் முன்வைத்திருந்தார். உபாத்யாயர் அதைக் கத்தோலிக்கக் கோட்பாட்டுக்குள் வளர்த்தெடுத்தார். 1898-இல் வெளியான அவருடைய 'வந்தே சச்சிதானந்தம்' என்ற சமஸ்கிருதத் துதிப்பாடல் இதன் வடிவமே.

'மாயை' என்பதை உலகம் பொய் என்ற பொருளில் அவர் கொள்ளவில்லை. படைப்புக்குத் தனக்கென இருப்பு இல்லை, கடவுளிடமிருந்தே அது இருப்பைப் பெறுகிறது என்பதே மாயையின் பொருள் என்றார். 'நிர்குணம்' என்பதற்கும், தன் நிறைவுக்கு உலகம் தேவைப்படாதவர் கடவுள் என்று விளக்கம் தந்தார்.

சமூக ஒழுக்கத்தையும் ஆன்ம சாதனையையும் அவர் வேறுபடுத்தினார். முன்னதில் ஒருவர் இந்துவாகவும், பின்னதில் கத்தோலிக்கராகவும் இருக்கலாம் என்றார்.

எதிர்ப்பும் இறுதிக்காலமும்

நர்மதைக் கரையில் ஜபல்பூரில் அவர் தொடங்கிய கத்தோலிக்க மடம் திருச்சபை ஒப்புதல் கிடைக்காமல் மூடப்பட்டது. 'சோஃபியா' வார இதழாக வந்தபோது, கத்தோலிக்கர் அதை வாசிக்கக் கூடாது என்று திருத்தந்தையின் பிரதிநிதி சலெஸ்கி தடை விதித்தார்.

உபாத்யாயர் 1904-இல் தொடங்கிய 'சந்தியா' என்ற வங்க நாளிதழ் ஆங்கில ஆட்சியைக் கடுமையாகத் தாக்கியது. 1907-இல் அவர் பிராயச்சித்தச் சடங்கு செய்துகொண்டதால், கிறிஸ்தவத்தைக் கைவிட்டார் எனப் பலர் கருதினர். அணிமானந்தர் இதை ஏற்கவில்லை. அதே ஆண்டு ராஜதுரோகக் குற்றச்சாட்டில் கைதான உபாத்யாயர், அந்நிய நீதிமன்றத்துக்குப் பதிலளிக்க மறுத்தார். வழக்கு முடியுமுன், குடலிறக்க அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட தசைவிறைப்பு நோயால் கல்கத்தா மருத்துவமனையில் இறந்தார். உடல் இந்து முறைப்படி எரியூட்டப்பட்டது.

வழிவந்தோர்

சிந்து மாகாணத்தவரான அணிமானந்தர் கல்கத்தாவில் பள்ளி நடத்தினார். ஆசிரியரின் கட்டுரைகளையும் நினைவுகளையும் திரட்டி 'தி பிளேடு' என்ற வாழ்க்கை வரலாற்றை எழுதினார். பிற்கால ஆய்வுகளுக்கு அது முக்கியச் சான்றாக விளங்குகிறது.

இயேசு சபையினரான ஜார்ஜ் டாண்டாயும் பியர் ஜோஹான்ஸும் 1922-இல் கல்கத்தாவில் 'லைட் ஆஃப் தி ஈஸ்ட்' இதழைத் தொடங்கினர். ஜோஹான்ஸ் அதில் சங்கரர், ராமானுஜர் முதலியோரின் வேதாந்தங்களைத் தாமஸ் அக்குவினாஸின் தத்துவத்துடன் ஒப்பிட்டுத் தொடர்ந்து எழுதினார்.

பிரெஞ்சுத் துறவியரான ஜூல் மோன்ஷனேன், ஆன்ரி லெ சோ (அபிஷிக்தானந்தர்) இருவரும் 1950-இல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் சாந்திவனம் ஆசிரமத்தை அமைத்தனர். சச்சிதானந்த ஆசிரமம் என்பது அதன் மற்றொரு பெயர். நர்மதைக் கரையில் நிலைக்காத மடம், அரை நூற்றாண்டுக்குப் பின் காவிரிக் கரையில் வேறு வடிவில் நிலைபெற்றது எனலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–1965) பின் இந்தியப் பண்பாட்டு வடிவங்களுக்குத் திருச்சபையில் இடம் கிடைத்தது. 'வந்தே சச்சிதானந்தம்' வழிபாடுகளில் பாடப்படலாயிற்று.

விமர்சனம்

சமூக ஒழுக்கத்தைச் சமயத்திலிருந்து பிரித்த உபாத்யாயர், வர்ணாசிரம அமைப்பையும் அச்சமூக ஒழுக்கத்தின் பகுதியாக ஆதரித்தார். இந்தியக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்தவர்கள். சாதியிலிருந்து விடுதலை தேடியவர்களுக்கு, சாதியைத் தொடாத இறையியலால் என்ன பயன் என்ற கேள்வியைத் தலித் இறையியலாளர்கள் எழுப்பினர். 'இந்தியப் பண்பாடு' என்பது சமஸ்கிருத மரபு மட்டும்தானா என்பதும் அவர்கள் கேள்வி.

கிறிஸ்தவராக ஒருவர் தம் மண்ணின் சிந்தனையை உதற வேண்டியதில்லை என்று உபாத்யாயர் நிறுவ முயன்றார். அம்மண்ணின் எந்தப் பகுதியை ஏற்பது, எதை மறுப்பது என்ற கேள்வி அவருக்குப் பின் வந்தோரிடம் விடப்பட்டது.