ஒரு நதியும் ஐந்து நாடுகளும்

பள்ளிக்கூடத்திற் புவியியல் பயின்றோருட் பலர் இரைன் நதியின் நீளம் 1,320 கிலோமீற்றர் என மனனஞ் செய்திருத்தல் கூடும். கலைக்களஞ்சியங்களும் பாடநூல்களும் பல பத்தாண்டுகளாக இவ்வெண்ணையே கூறிவந்தன. 2010ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கொலோன் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் பழைய நூல்களை ஒப்புநோக்கியபோது உண்மை வெளிப்பட்டது. நதியின் நீளம் ஏறத்தாழ 1,230 கிலோமீற்றரே. எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம்மாறியிருக்கவேண்டும். பின்வந்தோர் ஆராயாது அதனையே வழிமொழிந்தனர் என்பது அவர் முடிபு.

இத்துணைப் புகழ்வாய்ந்த நதியின் நீளத்தையே பிழைபட எழுதிவந்த மாந்தர், அதன் நீரிற் கலந்த நஞ்சை எங்ஙனம் அளந்தனர்? அளந்தறிந்தபின் யாது செய்தனர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரைன் நதி சுவிற்சர்லாந்தின் அல்ப்ஸ் மலைகளிலே தோன்றி, ஜேர்மனி, பிரான்சு ஆகிய நாடுகளின் ஓரமாகவும் ஊடாகவும் ஓடி, ஒல்லாந்து தேசத்தில் வடகடலை அடைகின்றது. உபநதிகளையுஞ் சேர்த்துக் கணிப்பின், அதன் வடிநிலம் ஒன்பது நாடுகளைத் தழுவியது. அங்கே வாழ்வோர் ஏறத்தாழ ஆறு கோடி மக்கள். அவருள் மூன்று கோடியளவினர் இந்நதியின் நீரையே குடிநீராகப் பெறுகின்றனர். அதே கரைகளிலே பாசல் நகரத்து இரசாயனத் தொழிற்சாலைகளும், பிரான்சின் அல்சாசு மாகாணத்துப் பொற்றாசுச் சுரங்கங்களும், ஜேர்மனியின் றூர் பிரதேசத்து நிலக்கரி உருக்குத் தொழில்களும் வளர்ந்தன. எல்லாக் கழிவுகளும் ஆற்றிலே விடப்பட்டன. மேலே இருப்போன் கழித்ததைக் கீழே இருப்போன் குடிக்கவேண்டும் என்பது ஆற்றின் இயல்பு. கடைக்கோடியில் இருந்தவர் ஒல்லாந்தர்.

அவர்க்கு இது உயிர்ப் பிரச்சினையாயிற்று. அம்ஸ்ரடாம் நகரம் 1853ஆம் ஆண்டு தொடக்கம் கடற்கரை மணற்குன்றுகளின் கீழ் ஊறிய மழைநீரையே பருகிவந்தது. சனத்தொகை பெருகியபின் அந்நீர் போதாமையால், 1957 முதல் இரைன் நீரைக் குழாய்வழிக் கொணர்ந்து அம்மணற்குன்றுகளிலே ஊறவிட்டு வடித்தெடுத்தனர். மணல் பல அழுக்குகளைத் தடுத்துவிடும். ஆயின் நீரிற் கரைந்த உப்பைத் தடுக்கும் ஆற்றல் அதற்கில்லை.

1950ஆம் ஆண்டு யூலை மாதத்திலே சுவிற்சர்லாந்து, பிரான்சு, லக்சம்பேர்க், மேற்கு ஜேர்மனி, ஒல்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் பாசலிற் கூடி இரைன் பாதுகாப்புச் சர்வதேச ஆணைக்குழுவை அமைத்தனர். இரண்டாம் உலகப்போர் முடிந்து ஐந்தாண்டுகளே கழிந்திருந்தன. பகைமையின் வடு ஆறவில்லை. கட்டளையிடும் அதிகாரமும் அவ்வாணைக்குழுவுக்கு இல்லை. ஆகவே அது முதலிற் கைக்கொண்ட பணி மிக எளியதாகத் தோன்றும்: நதிநீரை எல்லாரும் ஒரே முறையில் அளப்பது.

இதன் அருமையைச் சற்று விளக்குதல் தகும். ஒருவன் கரையோரத்தில் நீர் முகந்தும், மற்றொருவன் நடுவாற்றில் முகந்தும் சோதித்தால் இருவர் விடையும் ஒன்றாகாது. கோடையிலே வெப்பமேறிய நீரிற் கரைந்திருக்கும் ஒட்சிசன் மாரிக்காலத்திலும் குறைவு. ஆய்வுமுறை வேறுபடின் எண்ணும் வேறுபடும். எண்கள் மாறுபடும்வரை, குற்றஞ் சாட்டப்பட்ட நாடு, "உமது கணக்குப் பிழை" என்று கூறித் தப்பிக்கொள்ளலாம். இடமும் காலமும் முறையும் ஒன்றாகிய பின்னரோ, ஒரு நாட்டின் ஆய்வுகூடத்திற் பதிந்த எண்ணை மற்றொரு நாடு மறுத்தல் இயலாது. 1963இற் பேர்ண் நகரிற் கைச்சாத்தான ஒப்பந்தம் இவ்வாணைக்குழுவுக்குச் சட்ட உறுதி அளித்தது.

எனினும் அளந்த மாத்திரத்தே நதி தூய்மையாகிவிடவில்லை. 1950களின் பிற்பகுதியிலே சால்மன் மீன் இந்நதியினின்றும் அற்றுப்போயிற்று. 1971இற் கீழ் இரைனில் ஒட்சிசன் மிகத் தாழ்ந்தது. ஐரோப்பாவின் சாக்கடை என்ற இழிபெயரும் நதிக்கு வாய்த்தது. உப்புப் பிரச்சினையோ நீண்ட வழக்காயிற்று. அல்சாசுச் சுரங்கங்களின் உப்பைக் குறைக்கும் செலவை நாடுகள் பகிர்ந்துகொள்வதென 1976இல் உடன்பட்டனர். பிரான்சும் ஜேர்மனியும் நூற்றுக்கு 30 வீதமும், சுவிற்சர்லாந்து 6 வீதமும் ஏற்க, கேடுற்ற ஒல்லாந்தே 34 வீதத்தை ஏற்றது. நீதிக்கு மாறானதாகத் தோன்றினும், கடைக்கோடியில் இருப்போன் நீருக்கு வேறு வழி காணான் என்பதை இது காட்டும். அவ்வொப்பந்தமும் 1985இலேதான் நடைமுறைக்கு வந்தது. அறிவு இருந்தது, எண்கள் இருந்தன, செயல் தயங்கிற்று.

1986ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் தேதி, பாசலை அடுத்த சுவைசர்கால் என்னுமிடத்திற் சாண்டோஸ் நிறுவனத்தின் இரசாயனப் பண்டகசாலை தீப்பற்றி எரிந்தது. தீயணைக்க இறைத்த நீரோடு பூச்சிகொல்லி மருந்துகளும் சாயப்பொருளும் நதியிற் கலந்தன. நீர் செந்நிறமாயிற்று. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்துக்கு விலாங்கு மீன்கள் இலட்சத்துக்கு மேலாய் மடிந்தன. கீழ்நிலை நாடுகளுக்கு எச்சரிக்கை தாமதமாகவே சென்றது. குடிநீர் நிலையங்கள் நதியினின்று நீரெடுப்பதை நிறுத்தவேண்டியதாயிற்று. முப்பத்தாறு ஆண்டுகளாக எண்கள் எழுப்பாத உணர்ச்சியை ஓரிரவின் தீ எழுப்பிவிட்டது.

மறு ஆண்டே அமைச்சர்கள் கூடி இரைன் செயற்றிட்டத்தை ஏற்றனர். கொடிய மாசுப்பொருள்களின் வரவை 1995க்குள் அரைவாசியாகக் குறைப்பதும், 2000ஆம் ஆண்டளவிற் சால்மனை மீளக் கொணர்வதும் அதன் இலக்குகளாம். பிந்திய இலக்கு சாமானியருக்கும் விளங்குவது. சால்மன் கடலினின்று ஆறேறிச் சரளைக்கற் படுகையில் முட்டையிடும் மீன்; ஒட்சிசன் நிறைந்த தூயநீரும், சரளைப் படுகையும், தடையற்ற வழியும் மூன்றும் வாய்த்தாலன்றி அது வாழாது. பல ஆய்வுகூடங்கள் சேர்ந்து சொல்லவேண்டியதை அம்மீனின் வரவு ஒன்றே சொல்லிவிடும்.

இங்கேதான் நெடுங்காலக் கூட்டாய்வு பயன் தந்தது. எதை அளப்பது, எங்கே அளப்பது என்று புதிதாக வாதிடவேண்டிய தேவை இருக்கவில்லை. இலக்கு வைத்த பொருள்களிற் பெரும்பாலானவை குறித்த காலத்தில் அரைவாசிக்குக் கீழே இறங்கின. விபத்து நேரின் நச்சுநீர் எந்த நகரை எப்போது அடையும் என முன்கூட்டிக் கணிக்கும் முறையையும், பாதுகாப்பு ஆணைக்குழுவும் நதியின் நீரியலை ஆராயும் சர்வதேச ஆணைக்குழுவும் ஒருங்கு சேர்ந்து உருவாக்கின. ஆற்றிலே சாயங் கலந்து, அது பரவும் விதத்தையும் வேகத்தையும் நேரிற் கண்டு அக்கணிப்பைத் திருத்தினர். 1993இல் எல்லையோர ஊராகிய வைல் அம் இரைனில் சுவிற்சர்லாந்தும் ஜேர்மனியின் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலமும் கூட்டாக ஓர் ஆய்வுநிலையத்தைத் தொடக்கின. இரு கரையின் நீரும் விரைவிற் கலப்பதில்லை ஆதலின், அங்கே ஆற்றின் குறுக்கே ஐந்து இடங்களில் நீர் எடுக்கப்படுகின்றது. எந்தக் கரையிலிருந்து மாசு வந்தது என்பதும் அதனாற் புலனாகும்.

சால்மனும் மீண்டது. பழைய இனம் அற்றுப்போனமையால் வேற்று நாட்டு ஆறுகளின் குஞ்சுகளைக் கொணர்ந்து விட்டனர். அவை கடல் சென்று வளர்ந்து திரும்பின. 2000இல் இப்பெசைம் அணையிலும், 2006இற் கம்ப்சைம் அணையிலும் மீன் ஏறும் படிவழிகள் திறக்கப்பட்டன.

எல்லாம் முற்றுப்பெற்றன என்று கொள்ளற்க. 2020க்குள் மீன்கள் பாசல்வரை தடையின்றி ஏறவேண்டும் என்ற இலக்கு, மேலுள்ள சில அணைகளில் வழி அமையாமையால் எய்தப்படவில்லை. முன்னைய நஞ்சுகள் குறைய, மனிதர் உண்ட மருந்துகளின் எச்சங்கள் நீரில் நுண்ணளவிற் காணப்படுகின்றன. சாதாரண சுத்திகரிப்பினால் இவை முற்றும் நீங்கா. 2016 முதல் சுவிற்சர்லாந்து தேர்ந்தெடுத்த கழிவுநீர் நிலையங்களில் ஓசோன் வாயுவினாலேனும் ஆற்றலூட்டிய கரியினாலேனும் மேலும் ஒருபடி சுத்திகரிப்பைச் சட்டமாக்கியது. 2020இல் அம்ஸ்ரடாமில் நிகழ்ந்த மாநாடு, இந்நுண்மாசுகளை 2040க்குள் குறைந்தது நூற்றுக்கு 30 வீதம் தணிப்பதென முடிவுசெய்தது.

இவ்வரலாறு கூறும் செய்தி இரண்டு. அளவைகள் மட்டும் ஒரு நதியைக் காப்பதில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் அதற்குச் சான்று. எனினும் பொது அளவை இல்லாதிருந்தால், தீப்பற்றிய மறுநாள் ஐந்து நாடுகளும் ஒன்றையொன்று தூற்றுவதிலேயே காலம் கழித்திருக்கும். மக்கள் உள்ளம் விழித்தெழுந்த வேளையிலே செய்யவேண்டியது இன்னதென்ற அறிவு ஆயத்தமாக இருந்தது. கல்லூரி ஆய்வுகூடத்தில் முதன்முறையாக நீர்மாதிரியொன்றைச் சோதித்து, கண்ட எண்ணைக் கண்டவாறே குறித்துவைக்கும் மாணவன் இதனை நினைவிற் கொள்வானாக. அவ்வெண்ணை இன்று ஒருவரும் கேளாதிருக்கலாம். கேட்கும் நாளில் அது பிழையின்றி இருத்தல் வேண்டும்.