சிந்தி – இணை – பகிர்

சிந்தி – இணை – பகிர் என்பது முன்தயாரிப்பு அதிகம் தேவைப்படாத ஒரு வகுப்பறைச் செயல்பாடு ஆகும். அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங்க் லைமன் 1981-இல் இதை முன்வைத்தார். அட்டைகளோ படங்களோ வேண்டியதில்லை. ஒரு நல்ல கேள்வி போதும்.

செய்முறை

1. சிந்தி: கேள்வியைக் கேட்ட மாணவர்கள் ஒரு நிமிடம் பேசாமல் தனியே யோசிப்பர்.
2. இணை: பக்கத்தில் இருப்பவருடன் இரண்டு நிமிடம் கலந்து பேசுவர்.
3. பகிர்: சில இணைகள் தம் விடையை வகுப்பில் சொல்வர்.

பயன்

உடனே விடை கேட்டால், எப்போதும் கைதூக்கும் நாலைந்து பேரே பேசுவர். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடியளவே விடைக்குக் காத்திருக்கின்றனர் என்று மேரி பட் ரோ தம் ஆய்வில் கண்டார். 3 நொடி காத்திருந்தபோது விடைகள் நீண்டன. அதுவரை பேசாதிருந்தவர்களும் பேசினர். இச்செயல்பாடு அந்த அவகாசத்தை எல்லோருக்கும் தருகிறது.

கவனிக்க வேண்டியவை

"நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?" என்பதில் கலந்து பேச ஒன்றுமில்லை. "மலைமேல் பருப்பு வேக ஏன் நேரமாகிறது?" என்பதில் உண்டு. பகிரும்போது, "உன் பக்கத்தில் இருப்பவர் என்ன சொன்னார்?" என்று கேட்கலாம். தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம் குறையும். பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் பழக்கமும் வரும்.